சென்சார் வாங்கும் முன் ஆடிக்காற்று அடிக்கட்டும்

கோவைக்கும் கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறைக்கும் இடையில் தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, கேமரா என்று சென்சார் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். எல்லையோர ஊர்களிலும் இப்போது ‘ஸ்மார்ட்’ திட்டம் பேசுகிறார்கள். வரட்டும், நல்லதுதான். வாங்கும் முன் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை மட்டும் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியின் மூடிக்கு அடியில் அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்றை வைப்போம். அது அனுப்பும் ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து மட்டத்தைக் கணக்கிடும். பொருத்திய வாரம் துல்லியமாகக் காட்டும். மாதங்கள் போனால் தொட்டியின் ஈரம் அதன் முகத்தில் துளித்துளியாகக் கட்டும். சிலந்தி வலை பின்னும். ஒலி அங்கேயே முட்டித் திரும்பிவிடும். அலுவலகத் திரையில் தொட்டி நிரம்பியிருக்கும், மோட்டார் ஓடாது, தெருவில் குடங்கள் வரிசையில் காத்திருக்கும். மழை குறைந்த எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் ஒரு நாள் தண்ணீர் தவறினால் என்ன பாடு என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

எல்லையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வேலந்தாவளம் போன்ற இடத்தில், சென்சாரின் தகவலை அனுப்பும் பெட்டிக்குள் இருக்கும் சிம், கேரள டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் மாறி மாறித் தாவும். தாவும்போதெல்லாம் தகவல் அறுபடும், பேட்டரியும் தீரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கம்பம் ஆடினால் கேமராவில் நம்பர் பிளேட் மங்கும். மார்ச் மாதத்தில் பத்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘பாஸ்’ போட்டால் இதில் பாதி கண்ணுக்கே படாது.

ஸ்பெயினின் சாந்தாண்டர் நகரம் 2010-க்குப் பின் ஊரையே சோதனைக்களமாக்கி, சுமார் 12,000 சென்சார்களை வைத்தது. வண்டி நிறுத்த இடம் காலியா என்று பார்க்கும் சென்சார்களைத் தார்ச்சாலையிலேயே புதைத்தார்கள். அப்படி வெயிலிலும் மழையிலும் கிடந்து தேறுவதைத்தான் நான் சோதனை என்பேன். கனடாவின் டொராண்டோவில், கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸ் 2017-ல் அறிவித்த ஏரிக்கரைத் திட்டத்திலோ, திரட்டும் தகவல் யார் கையில் இருக்கும் என்ற சர்ச்சை ஓயவே இல்லை. 2020 மே மாதம், பொருளாதார நிலையைக் காரணம் காட்டி அந்நிறுவனம் விலகிக்கொண்டது.

இங்கே 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கொச்சி, திருவனந்தபுரம், கோவை உட்பட 100 நகரங்கள் இடம்பெற்றன. திட்டக் காலம் 2025 மார்ச் 31-ல் முடிந்துவிட்டது. என் கவலையெல்லாம் இனிமேல் நடக்கும் பராமரிப்பைப் பற்றித்தான். நின்றுபோன சென்சாரை உடனே கண்டுபிடித்துவிடலாம். கவனிப்பில்லாத சென்சார் தப்பான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும், அதை நம்பி ஆட்கள் வால்வைத் திறப்பார்கள், மூடுவார்கள்.

கிராம சபையில் எழுந்து கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். சோதனை ஆடிக்காற்றையும் ஒரு மழைக்காலத்தையும் தாண்டியதா? திரை காட்டிய அளவை யாராவது தொட்டி மேல் ஏறி, டேப்பை விட்டுச் சரிபார்த்தார்களா? மூன்றாம் வருடம் அந்த சென்சாரைத் துடைக்க யார் வருவார்கள், அதற்குப் பணம் எந்தக் கணக்கில்? கேமராப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யாரெல்லாம் பார்க்கலாம்? பதில் டெண்டரில் எழுத்தாக இல்லையென்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே சேர்க்கச் சொல்லுங்கள்.