பதினொன்றாவது காம்பிரா: ஒரு கமரா இயக்கியின் கணக்குப் பிழை

அட்டன் நகரில் தொலைபேசி திருத்தும் கடையொன்றில், பூட்டிய திரையோடு மேசையில் கிடக்கும் அன்ட்ரொயிட் தொலைபேசியில் யூ.எஸ்.பி. கமரா ஒன்றைச் செருகினால், கடவுச்சொல் எதுவும் கேட்கப்படாமலே உள்ளே ஓர் உரையாடல் தொடங்கிவிடும். "நான் கமரா, இன்னின்ன வகைப் படச்சட்டகங்கள், இன்னின்ன அளவுகளில் என்னிடம் உள்ளன" என்று அந்தச் சாதனம் ஒரு விவரக்குறிப்பை அனுப்புகிறது. அதை வாசிப்பது இயக்கி, அதாவது டிரைவர் எனப்படும் நிரலின் வேலை. இந்நிரல் பணிசெயல் முறைமையின் மையமான கர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. சாதாரண செயலி தவறினால் அது மட்டுமே நின்றுபோகும்; கர்னலுக்குள் ஓடும் நிரல் தவறினாலோ, முழு நினைவகமும் அதற்குத் திறந்து கிடப்பதால், படங்கள், செய்திகள் எவற்றுக்கும் காவல் இல்லாமற் போகக்கூடும்.

மென்பொருட் குறைகளின் பொதுப் பட்டியலில் சி.வி.இ.-2024-53104 என்று இலக்கமிடப்பட்ட குறை, அன்ட்ரொயிட்டுக்கு அடிப்படையான லினக்ஸ் கர்னலின் யூ.எஸ்.பி. கமரா இயக்கியில் இருந்தது. அவ்வியக்கி விவரக்குறிப்பை முதலில் ஒரு தடவை வாசித்து, சட்டகங்களை எண்ணி, அவற்றுக்கு அளவான நினைவக இடத்தை ஒதுக்குகிறது. மறுபடி வாசிக்கும்போது ஒவ்வொன்றின் விவரத்தையும் அவ்விடத்தில் எழுதுகிறது. வகை வரையறுக்கப்படாத சட்டகங்களை முதல் வாசிப்பு எண்ணவில்லை. இரண்டாம் வாசிப்போ அவற்றையும் எழுதியது.

தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, செக்ரோல் எனும் தொழிலாளர் பதிவேட்டில் பெயருள்ள குடும்பங்களை மட்டும் எண்ணிப் பத்துக் காம்பிராக்கள், அதாவது அறைகள், கொண்ட லயத்தைக் (தொடர் வீட்டைக்) கட்டுவித்துவிட்டு, குடியேற்றும் நாளில் வாசலில் நின்ற எல்லாருக்கும் வரிசையாக இலக்கம் கொடுத்ததைப் போன்றது இது. பதினொன்றாம் இலக்கத்துக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அந்தக் குடும்பத்தின் சாமான்கள் அடுத்திருக்கும் பிள்ளைக்காம்பிராவுக்குள் (குழந்தைகள் காப்பகத்துக்குள்) போய் இறங்கும். பிழை வந்தவர்களுடையதன்று, எண்ணியவருடையது. நினைவகத்தில் அப்படி அடுத்திருப்பது கர்னலின் வேறொரு முக்கியத் தரவாகலாம். அதன்மேல் எதை எழுதுவது என்பதைச் செருகப்பட்ட சாதனமே தீர்மானிக்க முடிவதுதான் ஆபத்தின் மையம்.

ஒழுங்கான கமராக்கள் அப்படிப்பட்ட சட்டகங்களை அனுப்புவதில்லை. ஆகவே 2008இல் கர்னலுக்குள் வந்த இந்தப் பிழை 16 ஆண்டுகள் அங்கேயே இருந்தது. வேண்டுமென்றே பொய்க்குறிப்பு அனுப்பும் சாதனத்தைச் செய்தவர்களுக்கே அது கதவாயிற்று. செர்பியாவில் மாணவச் செயற்பாட்டாளர் ஒருவரின் பூட்டிய தொலைபேசியைத் திறக்க, இது உட்பட யூ.எஸ்.பி. இயக்கிகளின் குறைகளைக் கோத்த தாக்குதல் பயன்பட்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை 2025 பெப்ரவரியில் வெளியிட்டது.

திருத்தம் மிகச் சிறியது: வகை வரையறுக்கப்படாத சட்டகங்களை இரண்டாம் வாசிப்பும் தவிர்த்துவிட வேண்டும், அவ்வளவே. ஆனால் அது ஒவ்வொரு தொலைபேசிக்கும் வந்து சேர வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் விற்பனைக்கிருக்கும் பழைய தொலைபேசியை வாங்குமுன், அதன் அமைப்புகளில் 'தொலைபேசி பற்றி' என்னும் பகுதியைத் திறந்து, பாதுகாப்புப் புதுப்பிப்பின் திகதியைப் பாருங்கள். 2025 பெப்ரவரி 5ஆம் திகதியோ அதற்குப் பிந்தியதோ இருந்தால், இந்தக் கணக்கு அங்கே சரிசெய்யப்பட்டிருக்கும்.