பென் டிரைவிலிருந்து வந்த விண்டோஸுக்குப் பென் டிரைவைத் தெரியவில்லை

மார்த்தாண்டத்தில் அச்சகம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், சபை மலர் என்று பதினைந்து வருட வேலை முழுவதையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்து வைத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் தப்பித்தது. கடற்கரை ஊர் ஒன்றின் தேவாலயப் பங்குக்காக 2014-ல் அடித்த சுனாமி பத்தாம் ஆண்டு நினைவு மலரை அந்த ஊர்க்காரர்கள் மறுபடி கேட்கிறார்கள். அவர் பயன்படுத்தும் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரோ விண்டோஸ் 7-ஐத் தாண்டி ஓடாது. புது லேப்டாப் வாங்கி அதில் விண்டோஸ் 7 போட உட்கார்ந்தார். முதல் திரை அழகாக வந்தது. "இன்ஸ்டால்" அழுத்தியதும், டிவிடி டிரைவுக்கான டிரைவர், அதாவது அந்தச் சாதனத்தோடு பேசும் மென்பொருள், இல்லை என்று நின்றுவிட்டது. அந்த லேப்டாப்பில் டிவிடி டிரைவே கிடையாது.

போனில் அவர் கேட்டது இதுதான்: "அண்ணே, பென் டிரைவுல இருந்துதானே இது வந்துது? பெறவு எப்பிடி அதையே காணலன்னு சொல்லுது?"

இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் சும்மா இருக்கவிடவில்லை. சனிக்கிழமை நாகர்கோவிலில் பஸ் ஏறிப் போய்விட்டேன். கட்டிங் மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் லேப்டாப் இருந்தது. மறுபடி போடச் சொல்லிவிட்டு, திரையைப் பார்க்காமல் பென் டிரைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முனையில் ஒரு சின்ன நீல விளக்கு. "கோப்புகள் ஏற்றப்படுகின்றன" என்ற கோடு நகர்ந்தவரை அது படபடவென்று துடித்தது. விண்டோஸ் சின்னம் வந்த கணத்தில் துடிப்பு நின்றது. அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் துடிக்கவில்லை. அவருடைய கேள்விக்கான பதில் முழுவதும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸ் அல்ல, மதர்போர்டின் சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர். பழைய பெயர் பயோஸ், இப்போது யுஇஎஃப்ஐ. மெமரி சரியா, டிஸ்க் எங்கே, திரை எங்கே என்று பார்த்துவிட்டு, விண்டோஸை மெமரிக்கு ஏற்றும் லோடரைக் கூப்பிடும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. பென் டிரைவைப் படிக்கும் சின்ன டிரைவர் ஒன்றை ஃபர்ம்வேர் தனக்கென்று வைத்திருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லோடருக்குச் சொந்தக் கையும் இல்லை, காலும் இல்லை. "பென் டிரைவிலிருந்து இந்தக் கோப்பை எடுத்துக் கொடு" என்று ஃபர்ம்வேரிடம் கேட்கிறது. அது எடுத்துக் கொடுக்கிறது. இப்படி பூட்.விம் என்ற கோப்பு முழுசாக மெமரிக்கு வந்துசேர்கிறது. 200 எம்பிக்குள் அடங்கும் அந்தக் கோப்புக்குள் இருப்பது ஒரு குட்டி விண்டோஸ். மொழி எது, நேரம் எது என்று கேட்கும் முதல் திரை அந்தக் குட்டி விண்டோஸின் வேலை. அது ஓடுவது மெமரியிலிருந்து. அதனால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டாலும் அந்தத் திரை வரும்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். யுஇஎஃப்ஐ-யில் "எக்ஸிட் பூட் சர்வீசஸ்" என்று ஒரு கட்டளை உண்டு. "இதுவரை செய்த உதவிக்கு நன்றி, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று விண்டோஸ் சொல்லும் இடம் அது. அந்தக் கட்டளை நிறைவேறியதும் ஃபர்ம்வேரின் பென் டிரைவ் டிரைவர், கோப்பு படிக்கும் பகுதி எல்லாம் போய்விடும். கடிகாரம் பார்ப்பது, செட்டிங்குகளைச் சேமிப்பது போன்ற ஒன்றிரண்டு வேலைகள் மட்டும் மிஞ்சும். போனவை இருந்த மெமரி இடத்தையும் விண்டோஸ் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். கான்கிரீட் இறுகியதும் சாரத்தைப் பிரித்து, அதே கம்பை அடுத்த வேலைக்கு எடுப்பது போல. திரும்பிப் போக வழி இல்லை. பயோஸ் காலத்தில் இப்படித் தனிக் கட்டளை இல்லை. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் எழுந்ததும் பயோஸைக் கூப்பிடுவதை நிறுத்திவிடும். விளைவு ஒன்றுதான். நீல விளக்கின் துடிப்பு நின்றது இந்த இடத்தில்.

இப்போது கெர்னல் தனியாக இருக்கிறது. தன்னைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் விசாரிக்கிறது. உள்ளே சாதனங்களை இணைக்கும் பிசிஐ அமைப்பில் 256 தடங்கள், தடத்துக்கு 32 இடங்கள், இடத்துக்கு 8 உட்பிரிவுகள் இருக்கலாம். "யார் அங்கே?" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறது. ஆள் இல்லாத இடத்திலிருந்து எல்லா பிட்டுகளும் ஒன்றாகவே வரும். ஆள் இருந்தால் தயாரிப்பாளர் எண் வரும். இன்டெலின் எண் 8086, 1978-ல் அந்த நிறுவனம் வெளியிட்ட சிப்பின் பெயர். இத்தனை வருடம் கழித்தும் இன்டெலின் புத்தம் புதுச் சிப், யார் என்று கேட்டால் அந்தப் பாட்டன் பெயரைத்தான் முதலில் சொல்கிறது. இதை முதன்முதலில் திரையில் பார்த்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே பதிலில் இன்னொரு தகவலும் உண்டு: நான் எந்த வகை? இதை மூன்று எண்கள் சொல்கின்றன. யுஎஸ்பி போர்ட்டுகளைக் கவனிக்கும் சிப்பான யுஎஸ்பி கன்ட்ரோலர் என்றால் முதல் இரண்டும் 12, 3. மூன்றாவது எண், அது எந்த முறையில் பேசும் என்பதைக் குறிக்கிறது. 32 என்றால் யுஎஸ்பி 2.0 காலத்து இஎச்சிஐ. 48 என்றால் யுஎஸ்பி 3.0-உடன் வந்த எக்ஸ்எச்சிஐ. விண்டோஸ் 7 வெளியானது 2009 அக்டோபரில். அதன் பட்டியலில் 32-க்கு டிரைவர் இருக்கிறது, 48-க்கு இல்லை.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தோம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பல வீடுகளில் தாத்தா காலத்து நிலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. மை அழியவில்லை, முத்திரையும் தெளிவாக இருக்கிறது. வாசிக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. லேப்டாப்பின் யுஎஸ்பி கன்ட்ரோலரும் 12, 3, 48 என்று தெளிவாகத்தான் பதில் சொன்னது. விண்டோஸ் 7-க்கு வாசிக்கத் தெரியவில்லை. அதனால் கன்ட்ரோலரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போனது. அதற்குப் பின்னால் சொருகியிருந்த பென் டிரைவ், மவுஸ் எல்லாம் அந்தக் கணமே இல்லாமல் போயின.

அப்படியானால் 2012, 2013-ல் யுஎஸ்பி 3.0 உள்ள லேப்டாப்புகளில் விண்டோஸ் 7 எப்படிப் போட்டோம்? அப்போதைய இன்டெல் சிப்செட்டுகளில் இஎச்சிஐ, எக்ஸ்எச்சிஐ இரண்டும் இருந்தன. புது மொழி தெரியாத விண்டோஸ் வந்தால் போர்ட்டைப் பழையதன் பக்கம் திருப்பிவிட முடிந்தது. 2015-ல் வந்த ஸ்கைலேக் தலைமுறையோடு இஎச்சிஐ-யை எடுத்துவிட்டார்கள்.

"அப்ப கீபோர்டு மட்டும் எப்படி வேல செய்யுது?" என்றார் அவர், அம்புக்குறி பட்டனை அழுத்திக் காட்டி. நல்ல கேள்வி. பெரும்பாலான லேப்டாப்புகளில் உள்ளிருக்கும் கீபோர்டு யுஎஸ்பி வழியே வருவதில்லை. 1984-ல் ஐபிஎம்-மின் பிசி ஏடி கம்ப்யூட்டரில் இருந்த கீபோர்டு கன்ட்ரோலர் பேசிய முறையிலேயே அது இன்றைக்கும் பேசுகிறது. விண்டோஸ் 7-க்கு அந்த மொழி நன்றாகத் தெரியும். டச்பேடுதான் பிறகு வந்த வேறு இணைப்புக்கு மாறிவிட்டது. அதனால் அது அசையவில்லை.

பதில் கிடைத்துவிட்டது. ஆனால் வேலை முடியவில்லை. பூட்.விம்முக்கும், பெரிய கோப்பான இன்ஸ்டால்.விம்முக்கும் உள்ளே எக்ஸ்எச்சிஐ டிரைவரைச் சேர்த்துவிட்டுப் போடலாம். மைக்ரோசாஃப்டின் டிஸ்ம் என்ற கருவி அதற்குத்தான். அடுத்த தடை, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி. என்விஎம்இ வகை எஸ்எஸ்டி சொல்லும் எண்கள் 1, 8, 2. அந்தத் தரம் வந்ததே 2011-ல். மைக்ரோசாஃப்ட் பிறகு வெளியிட்ட திருத்தத்தையும் உள்ளே சேர்க்க வேண்டும். அதையும் தாண்டினால் கிராஃபிக்ஸ், வைஃபை. 2017-க்குப் பிறகு வந்த சிப்புகளுக்கு விண்டோஸ் 7 டிரைவரைப் பெரும்பாலும் யாரும் எழுதவில்லை. எழுதாத ஒன்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அதனால் அவரிடம் வேறு வழி சொன்னேன். லேப்டாப்பில் புது விண்டோஸே இருக்கட்டும். அதற்குள், இன்னொரு கம்ப்யூட்டர் போல நடிக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அதில் விண்டோஸ் 7-ஐ ஏற்றலாம். கெர்னல் கதவு கதவாகத் தட்டும் என்றேன் இல்லையா? இங்கே கதவுக்குப் பின்னால் இருப்பது நிஜச் சிப் இல்லை, பதில் சொல்லும் மென்பொருள். 1990-களின் இன்டெல் சிப்செட் போலவே அது பதில் சொல்லும். விண்டோஸ் 7 கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அதற்குப் புரியும் மொழியில் பதில் வரும். அதன் இன்டர்நெட் இணைப்பை மட்டும் அணைத்துவிடச் சொன்னேன். 2020 ஜனவரி 14-உடன் அதற்குப் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. கணக்கு வழக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் அந்த ஓட்டையைத் திறந்துவைக்கக் கூடாது.

அவர் வீட்டில் நாள் பார்க்காமல் வாங்கியதால்தான் லேப்டாப் இப்படி என்று சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரர் ஒருவர், கம்பெனி பூட்டுப் போட்டுவிட்டது என்றாராம். அங்கீகாரம் இல்லாத சிஸ்டத்தை ஏறவிடாமல் தடுக்கும் செக்யூர் பூட் என்று ஒரு பூட்டு நிஜமாகவே உண்டு. ஆனால் அதைச் செட்டிங்கில் அணைத்த பிறகுதான் இவருக்கு முதல் திரையே வந்தது. ராகுகாலத்தின் மேல் பழி போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காரணம் 48 என்ற எண்ணாகத் திரையில் எடுத்துக் காட்டும் அளவுக்குத் தெளிவாக இருக்கும்போது, ஒரு மனிதர் தன் மேலேயே சந்தேகப்பட்டு இரண்டு வாரம் வேலையை விட்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழக அரசு 2010-ல் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமாக அறிவித்தது. அதற்கு முன்னும், பின்னும்கூடப் பல வருடம், அச்சகங்கள் தட்டியதெல்லாம் ஆளுக்கொரு எழுத்துருவில் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். நம் பல்கலைக்கழகங்களில் பழைய சிஸ்டம்களையும் எழுத்துருக்களையும் ஓடும் நிலையில் வைத்திருக்கும் ஆய்வகம் ஒன்றாவது வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஓலைச்சுவடிக்குக் கொடுக்கும் மதிப்பை இந்தக் கோப்புகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சாயங்காலம் ஐந்து மணிக்கு விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் 7 எழுந்தது. பேஜ்மேக்கரைப் போட்டு, எழுத்துருவைச் சேர்த்து, 2014 மலரைத் திறந்தார். எழுத்துரு சேர்ப்பதற்கு முன் குறியும் கோடுமாக இருந்த நான்காம் பக்கத்தில் இப்போது பெயர்கள் வந்தன. பெயர், வயது, வீட்டுப் பெயர் என்று மூன்று பத்திகள். வயது 4, வயது 7 என்று இருந்த வரிகளில் அவர் கர்சரை நிறுத்தவில்லை. கடைசி வரி வரை வந்த பிறகு, "எல்லாம் இருக்கு அண்ணே" என்றார். பிடிஎஃப் எடுத்து அந்தப் பங்குக்கு அனுப்பிவிட்டுத்தான் அன்றைக்குக் கடையைச் சாத்தினார்.