ஒட்டலைப் பிரித்துவிட்டால் வலி போய்விடுமா?

வயிற்றில் ஏதோ ஒரு ஆபரேஷன் நடந்து முடிந்து ஒரு வருடமோ ஐந்து வருடமோ ஆகியிருக்கும். சிசேரியன், அப்பெண்டிக்ஸ், கர்ப்பப்பை நீக்கம், பித்தப்பை என எதுவாகவும் இருக்கலாம். புண் ஆறிவிட்டது, தையல் தழும்பும் மங்கிவிட்டது. ஆனால் உள்ளே மட்டும் ஏதோ பிடித்து இழுக்கிறது. நிமிர்ந்து நின்றால் இழுக்கிறது, புரண்டு படுத்தால் இழுக்கிறது, வயிறு நிறையச் சாப்பிட்டால் இழுக்கிறது. ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல், எண்டோஸ்கோபியும் நார்மல். கடைசியில் யாரோ ஒரு டாக்டர், "உள்ளே குடல் ஒட்டியிருக்கும்" என்கிறார். அதற்கப்புறம் என்னைப் போன்ற அறுவை சிகிச்சை மருத்துவரிடம் நோயாளி வருவது ஒரே ஒரு கேள்வியோடுதான்: "அதைப் பிரிச்சு விட்டுட்டா சரியாயிடும் இல்ல டாக்டர்?"

பெரும்பாலும் நான் உடனே 'சரி' சொல்வதில்லை. வலியை நம்பாததால் அல்ல. வலி நூற்றுக்கு நூறு உண்மை. அந்த வலிக்கு அந்த ஒட்டல்தான் காரணமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒட்டல் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வயிற்றறையின் உட்சுவரையும், குடல், கர்ப்பப்பை போன்ற உறுப்புகளின் மேற்பரப்பையும் பெரிடோனியம் என்ற மெல்லிய, வழுவழுப்பான உறை மூடியிருக்கிறது. அதன் நடுவே சிறிதளவு திரவம். இதனால்தான் நாம் குனிந்தாலும் ஓடினாலும் உறுப்புகள் உரசாமல் வழுக்கி நகர்கின்றன. கத்தி பட்டாலோ, சூடு பட்டாலோ, காற்றில் உலர்ந்தாலோ, சீழ் பிடித்தாலோ இந்த உறை காயப்படும். காயப்பட்ட சில மணி நேரத்தில் ஃபைப்ரின் என்ற பிசுபிசுப்பான புரதம் அங்கே படிகிறது. பக்கத்தில் கிடக்கும் குடல் அதில் ஒட்டிக்கொள்கிறது. வழக்கமாக உடம்பே சில நாட்களில் ஃபைப்ரினைக் கரைத்துவிடும். ரத்த ஓட்டம் குறைந்த இடத்திலும் அழற்சி அதிகமான இடத்திலும் அந்தக் கரைப்பு சரியாக நடப்பதில்லை. அப்போது அங்கே நார்த்திசு வளர்ந்து, அதற்குள் ரத்தக்குழாயும் சில சமயம் நரம்பு இழையும் புகுந்து, நிரந்தரமான பட்டையாகிவிடும். இதெல்லாம் பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் முடிவாகிவிடுகிற விஷயம். கத்தியே படாதவர்களுக்கும் ஒட்டல் வரலாம்: எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), கருக்குழாய்த் தொற்று, வயிற்றுக் காசநோய், கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவை வழக்கமான காரணங்கள்.

வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஒட்டல் இருக்கும். அவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கிறோம். ஒருவருக்குக் குடல் முழுக்கப் பழைய தழும்போடு அப்பிக் கிடக்கும். கேட்டால், வயிற்று வலி என்றே ஒருநாளும் படுத்ததில்லை என்பார். இன்னொருவர் வருடக்கணக்காகத் துடிக்கிறார். உள்ளே சிலந்தி வலை போல ஓர் இழை, அவ்வளவுதான். ஒட்டலின் அளவை வைத்து வலியை அளக்க முடியாது. நோயாளிக்கு மயக்கம் கொடுக்காமல், லேப்ராஸ்கோப் என்ற, சிறு துளை வழியே நுழைக்கும் கேமராக் குழாயோடு உள்ளே தொட்டுத் தொட்டு, "இங்கே வலிக்கிறதா" என்று கேட்டுப் பார்த்த சிறிய ஆய்வுகளும் உண்டு. கெட்டியாக இறுகிப்போன ஒட்டலைவிட, அசைவுக்கு இடம்கொடுத்து இழுபடுகிற மெல்லிய ஒட்டலே அதிகம் வலித்ததாக அவற்றில் தெரிந்தது.

சாதாரண அல்ட்ராசவுண்டிலும் சி.டி.யிலும் ஒட்டல் நேராகத் தெரியாது. குடல் ஓரிடத்தில் மடங்கி நிற்பது, திடீரென்று குறுகுவது என்று சுற்றி வளைத்துத்தான் ஊகிக்க வேண்டும். மூச்சை இழுத்து விடும்போது உறுப்புகள் வழுக்கி நகர்கின்றனவா என்று படமெடுக்கும் ஒருவகை எம்.ஆர்.ஐ. இருக்கிறது, எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆகவே 'ஸ்கேன் நார்மல்' என்றால் ஒட்டல் இல்லை என்று பொருள் இல்லை. வலி இல்லை என்று நிச்சயமாகப் பொருள் இல்லை. "எல்லாம் மனசுலதான்" என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டலாம்.

இனி, நான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கும் ஒரு பரிசோதனை. இதற்கு இயந்திரம் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும்.

நோயாளியை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, "ஒரே விரலால் வலிக்கிற இடத்தைக் காட்டுங்கள்" என்பேன். சிலர் உள்ளங்கையை வயிறு முழுக்க வட்டமாகச் சுற்றுவார்கள். சிலர் தயங்காமல் ஒரு புள்ளியில் விரலை வைப்பார்கள், எத்தனை முறை கேட்டாலும் அதே புள்ளியில். இந்த இரண்டாவது வகையினர்தான் என் கவனத்தை இழுப்பவர்கள். அந்தப் புள்ளியில் என் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, கைகளை மார்பின் மேல் கட்டியபடி தலையையும் தோளையும் தூக்கச் சொல்வேன். வயிற்றுத் தசை பலகை போல இறுகும். வலி உள்ளே குடலில் இருந்தால், இறுகிய தசை கவசமாக நின்று வலி குறைய வேண்டும். குறையாமல், "ஐயோ, இப்பத்தான் ஜாஸ்தி" என்றால், வலி பெரும்பாலும் வயிற்றுச் சுவரிலேயே இருக்கிறது. கார்னெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1926ல் விவரித்த சோதனை இது. நூறு வருடப் பழசு, இன்றும் பலர் செய்வதில்லை.

வயிற்றுச் சுவரின் தோலுக்கு வரும் நரம்புகள் தசையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் நெரிபட்டுப்போனாலோ, பழைய தழும்பில் சிக்கிக்கொண்டாலோ இப்படி வலிக்கும். அந்த இடத்தின் மேல்தோலைக் கிள்ளினால் மறுபக்கத்தைவிட அதிகமாகக் கூசும். பஞ்சால் தடவினால் மரத்தது போலவோ எரிவது போலவோ இருக்கும். அதே புள்ளியில் மரப்பு ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், பலருக்கு அப்போதே வலி கணிசமாகக் குறையும். வருடக்கணக்கில் 'குடல் ஒட்டல்' என்று பெயர் சூட்டிச் சுமந்துவந்த வலி சில சமயம் இதுதான். வயிற்றுக்குள் போய் எதைப் பிரித்தாலும் இது போகாது.

இன்னும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. தழும்பின் ஓரத்தில் சின்ன ஹெர்னியா, எண்டோமெட்ரியோசிஸ், எரிச்சல் குடல் நோய், சிறுநீர்ப்பை வலி, முதுகெலும்பிலிருந்து முன்னே பரவும் வலி, வெறும் மலச்சிக்கல். மாதவிடாய் நாட்களோடு வலி ஏறி இறங்குகிறதா, சாப்பிட்ட எத்தனை நேரத்தில் வருகிறது, மலம் போனால் குறைகிறதா என்று இரண்டு மூன்று வாரம் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவருபவர்களுக்கு எங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

சரி, இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒட்டல்தான் என்றே வைத்துக்கொள்வோம். பிரித்துவிட்டால் என்ன?

நெதர்லாந்தில் நாள்பட்ட வயிற்று வலியும் ஒட்டலும் உள்ள 100 பேரை வைத்து இதை நேராகச் சோதித்தார்கள். எல்லோருக்கும் லேப்ராஸ்கோபி. பாதிப் பேருக்கு ஒட்டலைப் பிரித்தார்கள். மீதிப் பேருக்கு உள்ளே பார்த்துவிட்டு எதையும் தொடாமல் மூடினார்கள். யாருக்கு என்ன செய்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரண்டு குழுவிலும் வலி நன்றாகவே குறைந்திருந்தது, வித்தியாசமே இல்லாமல். 2003ல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது. 12 ஆண்டு கழித்து அதே ஆட்களைத் தேடிப் பார்த்தபோது, வலி நீடித்தவர்களும் மறுபடி ஆபரேஷனுக்குப் போனவர்களும் பிரித்துவிடப்பட்ட குழுவில்தான் அதிகம்.

இதை நான் சொல்லும்போது நோயாளிகளின் முகம் வாடுவது தெரியும். ஆனால் இதிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: ஒன்றுமே பிரிக்காமல் விட்டவர்களுக்கும் வலி குறைந்திருக்கிறது. உள்ளே ஆபத்தாக எதுவும் இல்லை என்று தெரிந்த நிம்மதிக்கும், காலம் தரும் ஆறுதலுக்கும் அதில் பங்கு இருக்கத்தான் வேண்டும்.

பிரிப்பதில் நஷ்டமும் உண்டு. ஒட்டியிருக்கும் குடலைப் பிரிக்கையில் அது கிழியலாம். அந்த நேரத்தில் கண்ணில் படாமல்போனால், இரண்டு நாள் கழித்துச் சீழும் காய்ச்சலுமாக உயிருக்கே வினையாகும். பிரித்த இடமே புதுக் காயம் என்பதால் ஒட்டல் மறுபடி வளரவும் செய்யும். மேற்பரப்புகளைச் சில நாள் பிரித்து வைக்கும் கரையும் படலங்களும் திரவங்களும் இருக்கின்றன. அவை புது ஒட்டலைக் குறைப்பது உண்மை. வலியைக் குறைக்கும் என்று உறுதியளிக்க முடியாது.

அப்படியானால் கத்தியே வேண்டாமா? அப்படியும் இல்லை. குடல் அடைப்பு வந்தால் கதையே வேறு. வயிறு முறுக்கி முறுக்கி வலித்து, பச்சையாக வாந்தி எடுத்து, வயிறு உப்பி, காற்றும் மலமும் நின்றுபோனால் வீட்டில் உட்காரக் கூடாது. மாத்திரை போட்டுத் தூங்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறினாலோ, காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்தாலோ குடலுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். அப்போது மணி நேரக் கணக்குதான். அந்த அபாய அறிகுறி இல்லாத அடைப்பில் பாதிக்கு மேல் மூக்கு வழியே குழாய் போட்டு, சலைன் ஏற்றி, பட்டினி வைத்தே சரியாகிவிடும். குடிக்கக் கொடுத்த சாயத் திரவம் 24 மணி நேரத்துக்குள் பெருங்குடலை எட்டிவிட்டதாக எக்ஸ்ரேயில் தெரிந்தால் எங்களுக்கும் மூச்சு வரும். அடைப்பு திரும்பத் திரும்ப வருபவர்கள், கருக்குழாய் ஒட்டலால் குழந்தை தங்காதவர்கள், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபரேஷன் பற்றி நானே பேச்செடுப்பேன்.

மற்றவர்களுக்கு வலியோடு வாழும் வழி என்ன என்பதுதான் கேள்வி. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே எச்சரிக்கை நிலையில் மாட்டிக்கொள்கிறது. சின்ன இழுப்பும் பெரிய வலியாகப் பதிவாகிறது. அதனால்தான் மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளை, குறைந்த அளவில், இரவில் தருகிறோம். சீட்டைப் படித்துவிட்டு, "எனக்கு என்ன பைத்தியமா?" என்று கோபப்பட வேண்டாம். அதே வேதிப்பொருள்கள் வலியைக் கடத்தும் நரம்புகளிலும் வேலை செய்கின்றன. நரம்பு வலி மருந்து எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. 2020ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், காரணம் புலப்படாத இடுப்பறை வலி உள்ள பெண்களுக்கு காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்து, மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது. ஆகவே சில வாரம் பார்த்துப் பலன் இல்லையென்றால், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாக நிறுத்துவதே சரி. அபின் வகை வலி மருந்துகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. குடலின் அசைவை அவை மந்தமாக்கும், மலச்சிக்கலும் உப்புசமும் கூடும், அதனாலேயே வலி ஏறும், மாத்திரையும் ஏறும். ஒட்டல் உள்ள குடலுக்கு இது ரொம்பவே பொருந்தாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சிறிதாகப் பலமுறை, நன்றாக மென்று. அடைப்பு வந்துபோனவர்கள் நார் கெட்டியான, தோலோடு கூடிய, வேகாத உணவைக் குறைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பயந்து எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை. உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் வயிற்று மூச்சும், தழும்பைச் சுற்றி மென்மையாகத் தேய்க்கும் முறையும் கற்றுக்கொண்டு பலர் நடமாட்டத்தை மீட்டிருக்கிறார்கள். கையால் தேய்த்து உள் ஒட்டலைக் கரைத்துவிடுவதாக யாராவது பணம் கேட்டால் மட்டும் கவனம். வலி பூஜ்யம் ஆக வேண்டும் என்று இலக்கு வைப்பதைவிட, இந்த மாதம் அரை மணி நேரம் நடக்க வேண்டும், ஒரு முழு இரவு தூங்க வேண்டும் என்று வைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாக, மறுபடி ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டியவை. வயிற்றுச் சுவர் வலி இல்லை என்று சோதித்தீர்களா? எதைப் பார்த்து ஒட்டல்தான் காரணம் என்கிறீர்கள்? உள்ளே போய்ப் பார்த்து லேசான ஒட்டல்தான் என்றால் தொடாமல் விடுவீர்களா? குடல் கிழிந்தால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு நல்ல மருத்துவர் யாரும் கோபப்பட மாட்டார். போகும்போது பழைய ஆபரேஷன் குறிப்பின் நகலையும் எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு போதாது. வயிற்றுக்குள் எது எதோடு ஒட்டியிருந்தது, எங்கே விட்டுவிட்டு வந்தார்கள் என்பது அந்தக் குறிப்பில்தான் இருக்கும். உங்கள் கையில் இல்லையென்றால், ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். நாளாக ஆகக் கிடைப்பது கஷ்டம்.