"வரவில்லை" என்று சிவப்பில் எழுதிய கொப்பி

பிரஷர் 190க்கு 110. "ஐயா, ஏன் இவ்வளவு நாளா கிளினிக்குக்கு வரல்ல?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். திருகோணமலைக் கரையோரத்து மீனவர், வயது அறுபதை நெருங்கும்.

"வலையை இழுத்துக் கரைக்கு வர ஒம்பது மணியாகும் டொக்டர். மீனை வித்துப்போட்டு பஸ் ஏறினா, இங்க நம்பர் முடிஞ்சுரும்."

உப்புப் பிசுபிசுத்த அந்தக் கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். பங்குனியிலிருந்து மாதாமாதம் சிவப்புப் பேனையில் "வரவில்லை". அதற்கு முன்பு கார்த்திகை, மார்கழி, தை மூன்றிலும் தவறாமல் வந்திருக்கிறார். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும், தோணி இறங்காது, ஆள் காலையிலேயே வரிசையில் நிற்பார். இவ்வளவும் எங்கள் கையெழுத்திலேயே இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. நோயாளிக்குப் பொறுப்பில்லை என்று பேசிவிட்டால் எங்களுக்கு வேலை மிச்சம். நானும் அப்படிப் பேசியவன்தான்.

இந்த மாத்திரை பிரஷரைக் குறைக்குமா என்பது மருந்து ஆய்வின் கேள்வி. குறைக்கும் மாத்திரை குச்சவெளி போன்ற கரையோர ஊர்க்காரர் கைக்குப் போய்ச் சேருகிறதா, சேராவிட்டால் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று தேடுவது சுகாதார சேவை ஆய்வு. 2011இல் நாடெங்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்களைத் தொடங்கினார்கள். சீனி, பிரஷர் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். வந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆண்கள் ஏன் வரவில்லை என்று ஆய்வாளர்கள் தேடியபோது வேலை நேரமும் ஒரு காரணமாக வந்தது. மாலையிலும் வேலைத்தலங்களிலும் பரிசோதனை நடத்தும் யோசனைக்கு அதனால்தான் பலம் கிடைத்தது.

தாய் இறப்பு விடயத்தில், எங்கே தடைப்பட்டது என்று தேடும் இந்தப் பழக்கம் எங்களுக்குப் பழையது. இலங்கையில் 1985 முதல் ஒவ்வொரு தாய் இறப்பையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும். பிறகு கூடியிருந்து ஆராய்வார்கள். வைத்தியசாலைக்குப் போவோம் என்று முடிவெடுப்பதில் தாமதமா, வழியில் தாமதமா, வந்த பிறகு சிகிச்சையில் தாமதமா? தாடியஸ், மெய்ன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994இல் வகுத்துத் தந்த மூன்று தாமதங்கள் இவை. இரண்டாவதைக் கிண்ணியா ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2009இல் பாலம் திறக்கும்வரை பாதைக்காக, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் மிதவைக்காக, காத்து நின்ற ஊர் அது. என்னைக் கேட்டால் அந்தப் பாலமும் ஒரு சுகாதாரத் திட்டம்தான்.

வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வினாக்கொத்தோடு யாராவது வந்தால் நம்மவர்கள் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். குறை சொன்னால் மருந்து தரமாட்டார்களோ என்ற பயம். முறையான ஆய்வென்றால் முதலில் உங்கள் சம்மதம் கேட்பார்கள், அறிக்கையில் உங்கள் பெயர் வராது, மறுத்தாலும் சிகிச்சை குறையாது. நான்கு மணித்தியாலம் காத்திருந்தால் நான்கு என்றே சொல்லுங்கள். நீங்கள் மரியாதைக்குச் சொன்ன "நல்லா இருக்கு" கொழும்புக்குப் போய்ச் சேரும்போது குறையே இல்லாத கிளினிக் ஆகிவிடும்.

நாங்கள் இப்போது "வரவில்லை"க்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுகிறோம். கடல், கூலிவேலை, பஸ் இல்லை, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதத்துத் தாள்களைச் சேர்த்து, வாரத்தில் ஒரு நாளாவது மாலைக் கிளினிக் வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

அந்த ஐயாவிடம் அடுத்த திகதி கேட்டேன். "கார்த்திகை பிறக்கட்டும் டொக்டர், விடியவே வந்து நிப்பன்" என்றார். அப்போது ஆவணி.