சொன்னதெல்லாம் 'செட்' ஆகாது

ஏற்காட்டு விடுதி ஒன்றில் ரிசப்ஷன் பார்க்கும் பையன், வாரம் இரண்டு நாள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் ஐந்து ரோடு பக்கம் நான் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வருவான். போன மாதம் ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். வெளியூர் விருந்தினர் ஒருவரிடம் "மேனேஜர் செட் மீ, ரூம் இஸ் ரெடி" என்றானாம். அவர் சிரித்துவிட்டாராம். "சொன்னார்னா செட்தானே சார்?"

தமிழில் நமக்குச் 'சொல்' ஒன்றே போதும். என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆங்கிலத்தில் அது பாகம் பிரிந்து கிடக்கிறது. 'சே' (say, சொல்லி முடித்தால் 'செட்', said) என்றால் சொன்ன விஷயம் வேண்டும். 'டெல்' (tell, சொல்லி முடித்தால் 'டோல்ட்', told) என்றால் பெரும்பாலும் கேட்கிற ஆள் வேண்டும், அதுவும் ஒட்டினாற்போல: "டோல்ட் மீ". நாமோ "டோல்ட் டு மீ" என்போம். 'என்கிட்ட' என்பதில் இருக்கும் 'கிட்ட' சும்மா இருக்காது, 'டு' வேஷம் போட்டு வந்து நிற்கும். அந்த 'டு' செட்டுக்கு உரியது: "செட் டு மீ". (செட் என்றதும் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. ஆனால் உச்சரிப்பு அதேதான், 'செய்ட்' என்று இழுக்க வேண்டாம்.)

குழம்பினால் இன்டர்வியூவை நினைத்துக்கொள்ளுங்கள். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "சே மீ" என்று யாரும் கேட்டதில்லை. உண்மை, பொய், கதை, மணி போன்றவற்றுக்கு ஆள் இல்லாமலும் டெல் வரும்: "டெல் த ட்ரூத்", "டெல் த டைம்".

ஸ்பீக், டாக் இரண்டுக்கும் அவ்வளவு சண்டை இல்லை. ஸ்பீக் கொஞ்சம் இஸ்திரி போட்ட சட்டை, அவ்வளவுதான். மொழி என்றால் ஸ்பீக்தான்: "ஐ ஸ்பீக் தமிழ்".

என்னை அதிகம் படுத்துவது "டிஸ்கஸ் அபவுட்". நன்றாகப் படித்தவர்களே எழுதுகிறார்கள். 'பற்றி' அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "டிஸ்கஸ் த ப்ராப்ளம்" போதும். அபவுட் வேண்டுமா, டாக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தபின் பையன் கேட்டான்: "சார், எக்ஸ்ப்ளெயின் மீ ஒன்ஸ் மோர்." டெல் மீ சரி என்றால் இதுவும் சரி என்று நினைத்திருக்கிறான். எக்ஸ்ப்ளெயின் செட்டின் பங்காளி, அதற்கும் 'டு' வேண்டும் என்றேன். "எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏற்காடு பஸ்ஸுக்கு ஓடினான்.