மிலிஷியா: குடிப்படையா, ஆயுதக் குழுவா?

அமெரிக்காவின் துப்பாக்கி உரிமைச் சர்ச்சையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘மிலிஷியா’ என்ற சொல்லில் வந்து முட்டிக்கொள்வோம். நம் நாளிதழ்களில் அது பெரும்பாலும் ‘ஆயுதக் குழு’ ஆகிவிடுகிறது. லெபனான், ஈராக் செய்திகளுக்கு அது சரி. அதையே ஆயுத உரிமையைப் பேசும் அமெரிக்க அரசமைப்பின் இரண்டாவது திருத்தத்துக்கும் போட்டால், நாட்டைக் காக்க ஆயுதக் குழு வேண்டும் என்று சட்டமே சொல்வதுபோல் ஆகிவிடும்.

லத்தீனில் ‘மீலெஸ்’ என்றால் படைவீரன். ‘மிலிதியா’ என்றால் படைப்பணி. ஆளை அல்ல, வேலையைக் குறித்த சொல். மிலிட்டரியும் இதே வேர்தான். அந்த வகையில் நம்மூர் மிலிட்டரி ஓட்டலும் இதற்குப் பங்காளி. ஆங்கிலத்துக்கு 16-ஆம் நூற்றாண்டில் வந்து, போகப்போகப் பொருள் மாறியது. சம்பளப் பட்டாளம் அல்லாமல், ஏரோட்டிக்கொண்டும் கடை நடத்திக்கொண்டும் இருந்துவிட்டு, அழைப்பு வந்தால் படையாகக் கூடும் ஊர்மக்கள் என்றாயிற்று. 1775 ஏப்ரல் 19 அன்று, அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய லெக்சிங்டன் திடலில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு எதிரே நின்றவர்கள் இவர்கள்தான்.

இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்க 1792-ஆம் ஆண்டின் மிலிஷியாச் சட்டத்தைப் புரட்டினால் போதும். 18 வயது முதல் 45-க்குள் உள்ள, உடல்வலுவுள்ள, சுதந்திரமான வெள்ளையின ஆண் குடிமகன் ஒவ்வொருவனும் பெயர் பதிய வேண்டும். ஆறு மாதத்துக்குள் நல்ல மஸ்கட் துப்பாக்கி ஒன்று, அதற்குத் துப்பாக்கிக் கத்தி, 2 உதிரிச் சக்கிமுக்கிக் கல், ஒரு முதுகுப்பை, 24 தோட்டாவாவது கொள்ளும் பெட்டி வைத்த பை, எல்லாவற்றையும் தானே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். அரசு எதுவும் தராது. இன்று உரிமை என்று வாதாடப்படுவது அன்று கைக்காசு போகும் கடமை! கறுப்பினத்தவருக்கு அந்தக் கடமையும் கிடையாது என்பதைச் சட்டம் ஒரே அடைமொழியில் முடித்துவிட்டது.

சரி, திருத்தத்துக்கு வருவோம். 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தில் மொத்தம் 27 சொற்கள். மிலிஷியா நான்காவது சொல். அதற்கு முன் நிற்கும் அடைமொழி ‘வெல் ரெகுலேட்டட்’. இதை ‘நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட’ என்று எழுதினால், அரசு கட்டுப்பாடு விதித்தது என்றே இன்றைய வாசகர் எடுத்துக்கொள்வார். அக்கால வழக்கில் அதற்கு முதன்மையான பொருள் பயிற்சியும் கட்டுக்கோப்பும். 1788-இல், அரசமைப்புக்கு ஆதரவாக எழுதிவந்த அலெக்சாண்டர் ஹாமில்டன்கூட, அந்தப் பெயருக்குத் தகுதி வரும் அளவுக்குக் குடியானவர்கள் அத்தனை பேரையும் அடிக்கடி கூட்டிப் பயிற்சி கொடுப்பது மக்களுக்குப் பெரிய தொல்லை என்று எழுதினார். அதனால் ‘நன்கு பயின்ற’ என்பதே என் தேர்வு.

இதைவிடப் பெரிய சிக்கல் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. ‘நாட்டின் பாதுகாப்புக்கு மிலிஷியா தேவை’ என்ற முதல் பாதிக்கும் ‘ஆயுதம் வைத்திருக்கும் மக்கள் உரிமை மீறப்படலாகாது’ என்ற பின்பாதிக்கும் என்ன உறவு? அமெரிக்கா இரண்டாகப் பிரிந்து நிற்பது இங்கேதான். படைக்காகத்தான் உரிமை, அந்தப் படை இன்று மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டு ஆகிவிட்டது என்பது துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வேண்டுவோர், பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியினர், சொல்வது. முதல் பாதி வெறும் முன்னுரை, உரிமை தனிமனிதருடையது என்பது குடியரசுக் கட்சிப் பக்கம். 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் இரண்டாவது பக்கம் சாய்ந்தது. தீர்ப்பை எழுதியவர் ஸ்கலியா. மாறுபட்டு எழுதியவர் ஸ்டீவன்ஸ். ‘வெல் ரெகுலேட்டட்’ என்றால் தக்க ஒழுக்கமும் பயிற்சியும் என்று அந்தத் தீர்ப்பிலேயே ஸ்கலியா சொல்லியிருக்கிறார்.

தமிழில் ‘தேவையாக இருப்பதால்’ என்று எழுதினால் நாம் அறியாமலே ஸ்டீவன்ஸ் பக்கம் உட்கார்ந்துவிடுகிறோம். நல்லவேளை, நமக்குச் செயவென் எச்சம் இருக்கிறது. ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்றால் காரணம். ‘ஞாயிறு பட வந்தான்’ என்றால் வெறும் உடனிகழ்வு. இரண்டுக்கும் ஒரே வடிவம். ஆகவே: ‘நன்கு பயின்ற குடிப்படை சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்குத் தேவையாயிருக்க, படைக்கலம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது.’ ஆங்கிலத்தின் மயக்கம் அப்படியே வந்துவிடுகிறது.

ஏன் குடிப்படை? பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறு சொல்கிறார். நாட்டுப்படை ஏறத்தாழப் பொருந்தும். ஆனால் இன்று அதைப் படிப்பவருக்கு நாட்டின் ராணுவம்தான் நினைவுக்கு வரும். துணை ராணுவம் வேறு. ஊர்க்காவல் படை காவல்துறைக்கு உதவும் தொண்டர் அமைப்பு. குடிகளே படை என்ற கருத்து குடிப்படையில்தான் பளிச்சென்று தெரிகிறது.

பயிற்சி விஷயம் இன்னும் வேடிக்கை. இன்று துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் பெரிய அமைப்பான நேஷனல் ரைபிள் அசோசியேஷனை 1871-இல் தொடங்கியவர்கள் உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் இருந்த அதிகாரிகள். சிப்பாய்களுக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லையே என்ற கவலைதான் காரணம். 1977-இல் உறுப்பினர் கூட்டத்தில் நடந்த கலகத்துக்குப் பிறகு அரசியல் முன்னுக்கு வந்தது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். துப்பாக்கி வைத்திருப்போர் பலர் தாமாகவே பணம் கட்டிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போகிறார்கள். அதையே சட்டமாக்கு என்றால் பலர் உரிமைக்குக் குறுக்கே போடும் தடை என்கிறார்கள். ‘நன்கு பயின்ற’ என்ற சொற்கள் திருத்தத்தின் தொடக்கத்திலேயே நிற்கின்றன.

1990-களிலிருந்து, அரசை நம்பாமல் காட்டுக்குள் சீருடை போட்டுப் பயிற்சி எடுக்கும் தனியார் கூட்டங்களும் இதே பெயரைச் சூட்டிக்கொள்கின்றன. 1994-இல் தோன்றிய மிச்சிகன் மிலிஷியா ஓர் எடுத்துக்காட்டு. இவற்றுக்கு ‘ஆயுதக் குழு’ என்பதே பொருத்தம்; குடிப்படை என்று எழுதிப் பெருமை கூட்ட வேண்டாம்.

கடைசியாக ஒரு கிளைச்சொல். கூட்டாட்சிச் சட்டப்படி, 17 வயது முதல் 45-க்குள் உள்ள உடல்வலுவுள்ள ஆண் குடிமக்களில் நேஷனல் கார்டு போன்றவற்றில் சேராதவர்கள் ‘அன்ஆர்கனைஸ்டு மிலிஷியா’. அயோவாவில் சோளக்காட்டில் டிராக்டர் ஓட்டுபவரும் அதில் ஓர் ஆள். பலருக்கு அது தெரியவே தெரியாது. ‘ஒழுங்கமைக்கப்படாத குடிப்படை’ என்று நீட்டுவதைவிட ‘பெயரளவுக் குடிப்படை’ என்றே எழுதிவிடலாம்.