கரையாத மருந்தும் அதைச் சுமக்கும் மைசெல்லும்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் திரவ மருந்தை நாள்தோறும் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் மனைவி, மருந்தை அளக்கும் சிரிஞ்சை ஒவ்வொரு வேளையும் தண்ணீரில் அலசி, ஈரம் காய்வதற்குள் மீண்டும் மருந்துப் புட்டிக்குள் விடுவதாக ஒருமுறை என்னிடம் சொன்னார். சுத்தம் கருதித்தான் அவர் அப்படிச் செய்தார். புட்டிக்குள் நீர் புகுந்தால் மருந்தின் அளவு வேளைக்கு வேளை மாறிவிடக்கூடும் என்று நான் சொன்னபோது, வயிற்றுக்குள்ளும் நீர்தானே இருக்கிறது, சிரிஞ்சில் இரண்டு துளி ஒட்டியிருந்தால் என்ன என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி அது. மருந்தாளுநர்களாகிய நாங்கள் இதற்குப் போதுமான விளக்கம் தருவதில்லை என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன்.

விழுங்கிய மருந்து குடல் சுவரைக் கடந்து இரத்தத்தை அடைய வேண்டுமானால், முதலில் அது குடலில் உள்ள நீரில் மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்திருக்க வேண்டும். 1995-இல் கோர்டன் அமிடனும் அவருடைய உடனாய்வாளர்களும் வகுத்த முறை, கரைதிறனையும் குடல் சுவரை ஊடுருவும் திறனையும் கொண்டு மருந்துகளை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. ஒரு வேளைக்குரிய மிக உயர்ந்த அளவு, இரைப்பை முதல் குடல் வரையிலான அமிலத்தன்மை வேறுபாடுகள் அனைத்திலும் 250 மில்லிலிட்டர் நீருக்குள் கரைந்துவிட்டால்தான் அந்த மருந்து நன்கு கரைவதாகக் கொள்ளப்படும். இரண்டாம் வகை மருந்துகள் குடல் சுவரை எளிதில் கடப்பவை. ஆனால் கரைய மறுப்பவை. அவற்றுக்கு உதவும் வழிகளுள் ஒன்றுதான் மைசெல்.

சோப்பைப் போன்ற பரப்பு இயக்கப் பொருள்களின் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. நீரில் அவற்றின் செறிவு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும், வால்கள் உள்நோக்கியும் தலைகள் வெளிநோக்கியும் திரும்பி, சில நானோமீட்டர் அளவிலான உருண்டைகளாகத் தாமாகவே திரள்கின்றன. இந்தத் திரள்களைத்தான் 1913-இல் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெய்ன் மைசெல் என்று அழைத்தார். நீரில் கரையாத மருந்து, எண்ணெய்த் தன்மை கொண்ட அந்த உட்பகுதியில் தங்கிக்கொள்கிறது. எல்லைச் செறிவு பொருளுக்குப் பொருள் பெரிதும் வேறுபடும்: சோடியம் லாரில் சல்ஃபேட்டுக்கு அது லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல், மின்சுமையற்ற பாலிசார்பேட் 80-க்கோ அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லை தாழ்வாக இருந்தால் குடல் நீர் கலந்து நீர்த்த பிறகும் மைசெல் கலையாது. குடல் சுவரை அதிகம் உறுத்தாததாலும், வாய்வழி மருந்துகளில் மின்சுமையற்றவையே பெரிதும் விரும்பப்படுகின்றன.

இந்த வழியை மனிதன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பித்த உப்புகளும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் சேர்ந்து உருவாக்கும் கலப்பு மைசெல்களில் ஏறித்தான் வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை நம் குடல் சுவரை அடைகின்றன. பித்த ஓட்டம் தடைப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் இதன் அருமை புரியும்: சாதாரண வைட்டமின் ஈ கொடுத்தாலும் உடலில் சேராது, நாளடைவில் நரம்புகள் பழுதடையும். நீரில் கரையும் பாலிமரான பாலிஎதிலீன் கிளைகோலுடன் பிணைக்கப்பட்டுத் தானே மைசெல்லாகத் திரளும் வைட்டமின் ஈ வடிவமான டோகோஃபெர்சோலான், இத்தகைய குழந்தைகளுக்காக 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது. இந்தத் துறையில் எனக்கு மிகுந்த மனநிறைவு தரும் எடுத்துக்காட்டு இதுதான்.

சைக்ளோஸ்போரினின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் வடிவம் எண்ணெய்க் கரைசலாக இருந்ததால், உறிஞ்சப்படுவதற்குப் பித்தநீரை நம்பியிருந்தது. இரத்தத்தில் அதன் அளவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறியது. 1995-இல் வந்த அடுத்த வடிவமான நியோரலில் பரப்பு இயக்கப் பொருளும் எண்ணெயும் கரைப்பானும் முன்கூட்டியே கலக்கப்பட்டிருந்தன. நீரைச் சந்தித்ததும் அது நுண்துளிகளாகப் பிரிகிறது. கறாராகச் சொன்னால் இது நுண்பால்மம். எண்ணெயை ஏற்றுப் பருத்த மைசெல் என்று புரிந்துகொள்ளலாம். இரண்டு வடிவங்களிலும் மருந்து ஒன்றே, மில்லிகிராமும் ஒன்றே. ஆயினும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை மருத்துவரின் கண்காணிப்பின்றிக் கொடுக்கக் கூடாது.

அந்தப் பெண்மணியின் கேள்விக்கு விடையும் இங்கே இருக்கிறது. புட்டியில் இருப்பது அளவு குறித்துச் சேர்த்த, நீரைச் சந்திக்கக் காத்திருக்கும் கலவை. அருந்தும்போது நீருடன் சேர்வது அதன் வேலை; புட்டிக்குள்ளேயே சிறிது சிறிதாக நீர் சேர்ந்தால், அதன் பிறகு எடுக்கும் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் எவ்வளவு மருந்து இருக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது.

மைசெல் சேர்த்தால் மட்டும் மருந்து உடலில் சேர்ந்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. மைசெல்லுக்குள் இருக்கும் மருந்து அப்படியே குடல் சுவரைக் கடப்பதில்லை. வெளியே வந்து தனித்து நிற்கும் மூலக்கூறே கடக்கிறது. பரப்பு இயக்கப் பொருளை அளவுக்கு மீறிச் சேர்த்தால் மருந்து உள்ளேயே சிக்கி, உறிஞ்சப்படும் வேகம் குறையும். குறைத்துச் சேர்த்தாலோ, குடலில் நீர்த்தவுடன் மருந்து படிகமாக வீழ்ந்துவிடும். அதைத் தாமதப்படுத்த ஹைப்ரோமெல்லோஸ் போன்ற பாலிமர்களைச் சேர்ப்பதுண்டு. ஆகவே, உறையில் 'செயலற்ற பொருள்கள்' என்ற தலைப்பின்கீழ் வரும் பெயர்களை இத்தகைய மருந்துகளில் வெறும் நிரப்பிகளாகக் கருத எனக்கு மனம் வருவதில்லை.

புற்றுநோய் மருந்தான என்சலூட்டமைட் போன்ற, திரவம் நிரப்பிய கேப்ஸ்யூல்களைப் பிரிக்கவோ மெல்லவோ கூடாது; விழுங்க இயலாவிட்டால் வேறு வடிவம் உண்டா என்று கேளுங்கள். உடல் எடை குறைக்கும் ஆர்லிஸ்டாட் சைக்ளோஸ்போரினின் இரத்த அளவைக் குறைக்கக்கூடும் என்பதால், அதைத் தானாக வாங்கி உட்கொள்ள வேண்டாம். சைக்ளோஸ்போரின் திரவத்தைப் பிளாஸ்டிக் குவளையில் கலக்காமல் கண்ணாடிக் குவளையில், அறை வெப்பநிலையில் உள்ள ஆரஞ்சு அல்லது ஆப்பிள் சாற்றில் கலந்து உடனே அருந்துங்கள். கிரேப்ஃப்ரூட் சாறு ஆகாது. சிரிஞ்சின் வெளிப்புறத்தைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டிய நிலை வந்தால், உட்புறம் முழுவதும் காய்ந்த பின்னரே அதைப் புட்டிக்குள் விடுங்கள். ஏற்கெனவே ஈரத்தோடு பயன்படுத்தி வந்திருந்தால், அதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லி, இரத்தத்தில் மருந்தின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.